முக்காலி திருத்தப்பட்ட கதை

பூட்டுக்காரருக்குத் தெருவில் முக்காலி என்று பெயர். இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. நல்ல கால் ஒன்று, சூம்பின கால் ஒன்று, கக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று, ஆக மொத்தம் மூன்று என்று பள்ளிக்கூடத்தில் எவனோ கணக்குப் போட்டு வைத்த பெயர் அது. அவன் கணக்குப் பரீட்சையில் ஒரு தடவைகூடத் தேறியதில்லை. அந்த ஒரு கணக்காவது அவனுக்குச் சரியாக வந்ததே என்று இவருக்கு அப்போதே சந்தோஷம். பின்னால் சொந்தமாகக் கடை போட்டபோது 'முக்காலி பூட்டு சாவிக் கடை' என்றே பலகை எழுதி மாட்டிவிட்டார்.

அவருடைய தங்கை சிறார் நூல் மாண்புக் கழகத்தில் துணைச் செயலர். குழந்தைகள் படிக்கிற புத்தகம் எதுவானாலும் இந்தக் கழகத்தின் முத்திரை விழுந்தால்தான் பள்ளி நூலகத்துக்குள் நுழைய முடியும். கழகம் தொடங்கி இருபது வருஷமாகிறது. அந்த இருபது வருஷத்தில் உடல் குறையுள்ள ஒரு பிள்ளையை வைத்து ஒரே ஒரு புத்தகம்கூட வரவில்லை என்பதை யாரோ ஒரு பத்திரிகையில் எழுதித் தொலைத்துவிட்டார்கள். கழகம் அவசரக் கூட்டம் போட்டது. ஒரு மனதாக வருந்தியது. பிறகு, அப்படி ஒரு பிள்ளையாக இருந்து வளர்ந்த ஒருவரையே பிடித்து எழுத வைப்பது என்று தீர்மானமானது. யாருக்காவது அப்படி ஒருவரைத் தெரியுமா என்று தலைவர் கேட்டபோது, பத்துப் பதினைந்து பேர் மேஜையைப் பார்த்தார்கள். தங்கை மட்டும் கையைத் தூக்கினாள்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்து, சாவி அறுக்கிற மெஷின் பக்கத்தில் கிடந்த ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, நம்ம சின்ன வயசுக் கதையெல்லாம் வீட்ல சொல்லுவியே, அதை அப்படியே எழுதிக் குடு."

"எதை? நான் திருடினதையா?"

"எல்லாத்தையும்தான். உன்னை மாதிரி சொல்ல அங்க ஆளே இல்ல."

"உங்க ஆளுங்க அதையெல்லாம் புத்தகமா போடுவாங்களா பாப்பா? சும்மா இருக்கிறவன சொறிஞ்சு விடாத."

"நான் எதுக்கு அங்க இருக்கேன்? ஒரு எழுத்தைக்கூட யாரையும் தொட விடமாட்டேன். என் மேல சத்தியம்."

நாற்பத்தி மூன்று வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். பாப்பா சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதினார். நான்கு மாதம் ஆயிற்று. எழுதுகிறபோது தானாகவே சிரிப்பதைப் பார்த்து, பக்கத்துக் கடை தையல்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

நோட்டில் இருந்த பையன் சாதாரணப்பட்ட பையன் இல்லை. விளையாட்டில் கள்ள ஆட்டம் ஆடுவான். கேட்டால் கால் வலி என்று முகத்தைச் சுளிப்பான். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். கோபம் வந்தால் ஊன்றுகோலால் எதிரே நிற்பவன் முட்டியில் போடுவான். தெருக்கோடி வீட்டு மாதுளை மரத்துக்கு ஊன்றுகோலே துறட்டி. ஒரு நாள் தங்கையின் தோளில் ஏறி அந்த வீட்டு மதில் மேல் உட்கார்ந்து பழம் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நாய் வந்துவிட்டது. எட்டு வயதுத் தங்கை பழத்தையும் அள்ளிக்கொண்டு, கீழே சாத்தி வைத்திருந்த ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு ஓடியே போனாள். பையன் ஒரு மணி நேரம் மதில் மேல். நாய் ஒரு மணி நேரம் மதிலுக்குக் கீழ். தங்கை திரும்பி வந்தபோது அவள் வாயெல்லாம் சிவப்பு. ஒரு பழம்கூட மிச்சம் இல்லை. மறுநாள் காலை அவளுடைய பள்ளிக்கூடச் செருப்பு தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது.

இதைத் தங்கைக்குத்தான் முதலில் படித்துக் காட்டினார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான் அண்ணா புத்தகம். இதுல கை வெச்சா நான் வேலையை விட்டுடறேன்" என்றாள்.

கழகத்தில் வாசிப்பு நாள் குறித்தார்கள். கட்டடத்துக்கு முன்னால் பதினாறு படி. பக்கத்தில் அழகான சாய்வுப் பாதையும் இருந்தது. அதன் நடுவில் அதைத் திறந்து வைத்தவர்களின் பெயர் பொறித்த கல்லை நட்டிருந்தார்கள். கல்லின் இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள். பாதை தொடங்குகிற இடத்தில் கம்பிக் கதவு, அதில் பூட்டு.

"சாவி பராமரிப்பு அலுவலர்கிட்ட இருக்கு. அவர் லீவு" என்றார் காவலாளி. "எப்ப வருவாரு?" "போன வருஷம் போனாரு."

பூட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப் பூட்டுக்குள் விட்டார். காவலாளி இருமி முடிப்பதற்குள் பூட்டு திறந்துகொண்டது. காவலாளி அவரை ஒரு தரம், பூட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு ஒரு பதிவேட்டை எடுத்து நீட்டினார். 'அனுமதியின்றிச் சாய்வுப் பாதையைப் பயன்படுத்தியவர்' என்ற பத்திக்குக் கீழே அவருடையதுதான் முதல் பெயர். பூந்தொட்டியை நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டதால், தொட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் ஊன்றுகோலைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி ஏறினார்.

கூட்ட அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தங்கை படியில் கூடவே ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், "அண்ணா, உள்ள போனதும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்க. அவங்களுக்கு ஒரு இது இருக்கும்" என்றாள். அவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆனால் அவள் அப்படிச் சொன்னது எதற்கென்று விளங்கவில்லை.

தலைவர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஊன்றுகோல் கீழே விழுந்தது.

"நாங்க உங்களுக்காக இருபது வருஷமா ராப்பகலா உழைக்கிறோம். இந்த இருபது வருஷத்துல உங்கள மாதிரி ஒருத்தர்கூட எங்களைக் குறை சொல்லி இந்த அறைக்குள்ள வந்தது கிடையாது. அந்த அளவுக்கு எங்க மேல நம்பிக்கை!"

எல்லோரும் கை தட்டினார்கள். பூட்டுக்காரர் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டே, கீழே கிடந்த ஊன்றுகோலைக் காலால் தேடினார்.

அவர் பையனைப் பற்றி நான்கு பக்கம் படித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாய் வந்த இடத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த தட்டச்சர் அம்மாள் மட்டும் களுக்கென்றாள். அதைச் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டார்கள்.

முதலில் பேசியவர் சொல் தூய்மை அலுவலர். "ஐயா, முக்காலிங்கற சொல் இங்க தடை பண்ணப்பட்டிருக்கு."

"அது என் பேருங்க."

"உங்களைப் புண்படுத்தற பேரு."

"எனக்குப் புண்படலையே. கடைப் பலகையிலயே போட்டிருக்கேன்."

"புண்பட்டது உங்களுக்கே தெரியலைன்னா, எவ்வளவு ஆழமா புண்பட்டிருக்கணும்!" என்றார் அவர், கண் கலங்கி. கழகம் இதில் கண்டிப்பாக இருந்தது. தடைத் தீர்மானத்துக்குப் பிறகு அலுவலகத்தில் மூன்று கால் ஸ்டூலைக்கூட யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. கடைநிலை ஊழியரிடம், "அந்த மூன்று ஆதரவு இருக்கையைக் கொண்டா" என்றார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொண்டு வந்தார்.

அடுத்து மனநல ஆலோசகர். அவர் கையில் ஒரு படிவம். கதைநாயகன் குறைந்தது மூன்று தடவை அழ வேண்டும். ஒரு தடவை தனியாக, ஒரு தடவை மழையில், கடைசித் தடவை ஆனந்தமாக. குறும்பு பத்துப் பக்கத்துக்கு ஒன்று அனுமதி. அதுவும் அடுத்த பக்கத்தில் வருத்தம் தெரிவித்தால் மட்டும்.

"உங்க கதையில அவன் அழவே இல்லையே?"

"மதில்மேல உட்கார்ந்தப்ப அழுகை வந்துச்சுங்க. கீழ நாய் பார்த்துட்டு இருந்துச்சு. அதுக்கு முன்னால அழ வெக்கமா இருந்துச்சு."

"நாய் நீங்கலாக?"

"நாய் நீங்கலாக யாருமே இல்லைங்க."

பிறகு உணர்வுப் பயிற்சி நடந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு காலை மடக்கித் துண்டால் கட்டிக்கொண்டு, அரை மணி நேரம் அறையைச் சுற்ற வேண்டும். கட்டிக்கொண்ட ஐந்தாவது நிமிடம் சொல் தூய்மை அலுவலர் அலமாரி மேல் சாய்ந்தார். அலமாரி ஆலோசகர் மேல் சாய்ந்தது. தலைவர் மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தாக்குப் பிடித்து, அப்புறம் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். விழுந்த வாக்கில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூட்டுக்காரரைப் பார்த்து, "உங்களுக்குப் பழகிப்போச்சு. எனக்குப் புதுசு. அதனால இந்த வலி உங்களைவிட எனக்குத்தான் நல்லா தெரியும். தப்பா நினைக்காதீங்க, உங்க கதையில அந்த வலி வரலை" என்றார்.

பூட்டுக்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் தன் காலில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகிவிட்டது போலிருக்கிறது. தலையைத் தூக்கவே இல்லை.

வெளியே வந்ததும், "என்ன பாப்பா இது?" என்றார்.

"பேசறவங்க பேசிட்டுப் போகட்டும் அண்ணா. கடைசியில கையெழுத்து நான்தானே போடணும்? சின்னச் சின்ன மாத்தம்தான் கேப்பாங்க. நான் பார்த்துக்கறேன். இதுல ஒரு ஒப்புதல் மட்டும் போட்டுக் குடு."

அவர் போட்டுக் கொடுத்தார். பூட்டு விற்கிறவர் ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்றால் அதற்கு ஒரே காரணம், நீட்டியது யார் என்பதுதான். வீட்டில் மனைவி கேட்டாள்: "என்னங்க, அதுல என்ன எழுதியிருந்துச்சு?" "பாப்பா குடுத்தா" என்றார். அது பதில் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது.

அப்புறம் எட்டு மாதம் பேச்சு மூச்சில்லை. இவர் கேட்கும்போதெல்லாம், "அச்சுல இருக்கு அண்ணா, பார்த்தா அசந்துடுவ" என்பாள் தங்கை. இரண்டு தடவை போனை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை ஏதோ கூட்டத்தில் இருப்பதாகக் கிசுகிசுத்தாள். வேலை அதிகம் போல என்று அவரே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வெளியீட்டு விழா ஒரு பெரிய அரங்கத்தில். புத்தகத்தை முதல் தடவையாக அவர் பார்த்தது அங்கேதான், வாசலில் கட்டியிருந்த இரண்டு ஆள் உயரப் படத்தில். 'சிகரம் தொட்ட சிறுவன்' என்று தலைப்பு. ஒரு பையன் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு காலும் தூண் மாதிரி இருக்கின்றன. ஊன்றுகோலைக் காணோம்.

ஓவியர் பக்கத்தில் நின்றிருந்தார். நல்ல மனிதர். "வரைஞ்சேங்க. அது நம்பிக்கையை மறைக்குதுன்னு எடுக்கச் சொல்லிட்டாங்க. அப்புறம், ஊன்றுகோல் இல்லாம அந்தக் கால் நிக்குமான்னு கேட்டேன். காலைச் சரி பண்ணுங்கன்னாங்க" என்றார்.

"மலை எங்கேருந்து வந்துச்சு?"

"அது உங்க வாழ்க்கைன்னு சொன்னாங்க."

ஒரு பிரதியை வாங்கி, நின்றபடியே புரட்டினார். பையன் மூன்று தடவை அழுதிருந்தான். மாதுளை மரம் இல்லை, மதில் இல்லை, நாய்கூட இல்லை. மதில் இருந்த அத்தியாயத்தில் மழை கொட்டியது. வழியில் வெள்ளம். எட்டு வயதுத் தங்கை பதினோரு வயது அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணன் அவள் முதுகில் சாய்ந்து, 'உனக்குப் பாரமாகப் பிறந்துவிட்டேனே' என்கிறான். 'நீ பாரமில்லை அண்ணா, வரம்' என்கிறாள் தங்கை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் வண்ணப் படம் போட்டிருந்தார்கள்.

புத்தகத்தை மூடுவதற்குள் மேடைக்கு அழைப்பு வந்தது. ஐந்தே படி. அவர் ஊன்றுகோலை முதல் படியில் ஊன்றினார். அதற்குள் ஒரே மாதிரி சட்டை போட்ட நான்கு தொண்டர்கள் ஒரு நாற்காலியோடு ஓடி வந்து, அதில் அவரை அமுக்கி உட்கார வைத்து, அப்படியே தலைக்கு மேலே தூக்கிவிட்டார்கள்.

"இறக்குங்கப்பா, நானே ஏறுவேன்."

"தெரியும் ஐயா. போட்டோவுக்கு" என்றார் நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்தவர்.

தலைவர் பேசினார். "ஊனமுள்ள குழந்தைகளை உள்ளது உள்ளபடி காட்டணும். அதுதான் எங்க கொள்கை. அதனாலதான் உள்ளது எப்படி இருக்கணும்னு நாங்க எட்டு மாசம் உட்கார்ந்து முடிவு பண்ணினோம். இந்தப் புத்தகத்தைப் படிக்கிற ஒவ்வொரு குழந்தையும் தன் ரெண்டு காலையும் தொட்டுப் பார்த்து நன்றி சொல்லும். கால் இல்லாத குழந்தை என்ன பண்ணும்னு கேக்கலாம். அந்தக் குழந்தைக்கு இந்தப் புத்தகத்தை நாம பரிசா குடுப்போம்!"

அரங்கம் அதிர்ந்தது. பிறகு தங்கையை அழைத்தார்கள். 'சுமந்த தங்கை' என்று பட்டயம் எழுதி வைத்திருந்தார்கள்.

பூட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது சொல்வாள் என்று நினைத்தார். பாப்பாவுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றால் கொட்டிவிடுவாள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அன்னைக்கு அந்த மழையில, அண்ணன் என் முதுகுல இருந்தப்போ..." என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. முன் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. அவர் அவளுடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சிவக்கவே இல்லை.

விழா முடிந்து, மேடைக்குப் பின்னால் மாலைகள் குவிந்து கிடந்த அறையில் அவளைப் பிடித்தார்.

"நீ என்னை எப்ப பாப்பா தூக்கின?"

"அண்ணா, மெதுவா பேசு."

"நான் அப்பவே உன்னைவிட டபுள் சைஸ். நீ என்னைத் தூக்கியிருந்தா நசுங்கியிருப்ப. நமக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. எப்ப தூக்கின?"

அவள் பட்டயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நான் ஊன்றுகோலைத் தூக்கிட்டு ஓடினேன்னு ஊர் முழுக்கப் படிக்கணுமா? எனக்கும் ஆபீஸ் இருக்கு. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"ஓடினா என்ன? குழந்தைதானே. நான் உன்னைத் திட்டியா எழுதினேன்? செருப்பைத் தண்ணில போட்டதையும்தானே எழுதினேன்?"

"அது உனக்குச் சிரிப்பு அண்ணா." பட்டயத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "கமிட்டியில அந்தப் பக்கத்தை முப்பது நாப்பது தடவை திருத்தித் திருத்திப் படிச்சோம். இப்ப யோசிச்சா எனக்கு மழைதான் ஞாபகம் வருது. சத்தியமா. முதுகு நனைஞ்சது கூட."

அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். கள்ளச் சாவி போட்டுத் திறந்த பூட்டு என்றால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். உள்ளே கீறல் இருக்கும். இங்கே எங்கே கீறியிருக்கிறது என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி புத்தகத்தை முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "யாருங்க இந்தப் பையன்?" என்றாள். "தெரியலை" என்றார்.

அதன்பின் பள்ளிக்கூடங்களிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. கழகமே கட்டுக் கட்டாகக் கடைக்கு அனுப்பி வைத்தது. எல்லாவற்றிலும் அதே வரி, வேறு வேறு கையெழுத்தில். 'தங்களைப் பார்த்து எனக்குக் கால்கள் இருப்பதன் அருமையை உணர்ந்தேன்.' ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் 'அருமை'யில் ஒரே எழுத்துப் பிழை செய்திருந்தார்கள். கரும்பலகையில் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரு கட்டின் நடுவில், கிழித்த தாளில் எழுதின ஒன்று வேறு மாதிரி இருந்தது.

'ஐயா, நான் ஏழாம் வகுப்பு. எனக்கும் கால் சரியில்லை. எல்லாரும் உங்க புத்தகத்தை எனக்கே குடுக்கறாங்க. இதுவரைக்கும் ஆறு புத்தகம் வந்துடுச்சு. இந்தப் பையன் யாரையும் திட்டவே மாட்டானா? அவனுக்குக் கோவமே வராதா? நான் போன வாரம் எங்க டீச்சரோட சிவப்புப் பேனாவை ஒளிச்சு வெச்சேன். இன்னும் குடுக்கலை. நான் கெட்ட பொண்ணா?'

அதை எத்தனை தடவை படித்தாரோ தெரியாது. படித்துக்கொண்டிருக்கிறபோதே தங்கை வந்தாள். கையில் ஒரு கோப்பு. அந்த மழைப் பக்கத்தைப் பாடப் புத்தகத்தில் சேர்க்கப் போகிறார்களாம். மூலக் கதை எழுதியவர் என்று இவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. அந்தத் தாளை அவளிடம் நீட்டினார். "இதைப் படி."

நின்றபடியே படித்தாள். படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் உதடு ஒரு ஓரமாக லேசாகத் துடித்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம், அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

தங்கை தாளை நாலாக மடித்தாள். "இந்த மாதிரி வரதுக்குன்னு ஒரு பதில் படிவம் இருக்கு அண்ணா. பதினேழாம் நம்பர். 'அன்புள்ள சிறாரே, உங்கள் சவாலைக் கழகம் கொண்டாடுகிறது.' அந்தப் பள்ளிக்கூடத்துப் பேரும் வேணும். பேனா விஷயத்தை டீச்சருக்குத் தெரியப்படுத்தணும். நான் எடுத்துட்டுப் போய்..."

"குடு அதை."

"என்ன அண்ணா?"

"குடு பாப்பா." வாங்கிக்கொண்டார். "வேலை இருக்கு. நீ கெளம்பு."

அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை அவர் சொன்னதில்லை. தங்கை கோப்பைத் திறந்தாள், மூடினாள், கையெழுத்து வேண்டிய இடத்தை விரலால் காட்டப் போனாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்த்தாளா என்று அவர் பார்க்கவில்லை.

மெஷின் மேல் இருந்த பித்தளைத் தூளை ஊதிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை விரித்து எழுத ஆரம்பித்தார்.

'கண்ணு, அந்தப் பையன் புத்தகத்தில் யாரையும் திட்டமாட்டான். அவனை அப்படி ஆக்கிவிட்டார்கள். நிஜத்தில் நன்றாகத் திட்டுவான், இன்றைக்குக்கூடக் கோபமாகத்தான் இருக்கிறான். நீ கெட்ட பெண் இல்லை. பேனாவைத் திருப்பிக் கொடுப்பதும் கொடுக்காததும் உனக்கும் டீச்சருக்கும் இடையில். ஆனால் எங்கே ஒளித்து வைத்தாய் என்று எனக்கு மட்டும் எழுது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.'

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு கடைசியில், கொஞ்சம் அழுத்தியே, இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

'என் தங்கையிடம்கூட.'